நீலப் பசுவுக்குச் சாயம் போன கதை

வலது கன்னத்தில் ஒரு துண்டுப் புளியை அடக்கிக்கொண்டு, கையில் மைக்கைப் பிடித்தபடி, அழாமல் இருக்க நான் பெரும்பாடு பட்டுக்கொண்டிருந்தேன்.

நெல்லிவாசல்நாட்டு மலையில் ஒரு சின்ன ஊர். அங்கே கூட்டுறவுச் சங்கத்தின் புளி குடோன். மதியம் இரண்டு, இரண்டரை இருக்கும். வெளிச்சம் உள்ளே வராதபடி ஜன்னல்களில் ஊர்க்காரர்களிடம் வாங்கிய கம்பளிகளைத் தொங்கவிட்டிருந்தோம். உள்ளே ஊரே உட்கார்ந்திருந்தது. புளி வாசனை, கம்பளி வாசனை, மனித வாசனை மூன்றும் சேர்ந்து மூச்சை அடைத்தன. நிமிடத்துக்கு ஒருவர் தும்மினார்.

எதிர்ச் சுவரில் கட்டிய வெள்ளைத் துணியில் ஒரு நீல நிறப் பசு அழுதுகொண்டிருந்தது. பசு அழலாம். நான் அழக் கூடாது. அழுதால் வேலை போய்விடும். அதற்கான மெமோவை டைப் அடித்தே சட்டைப் பையில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார் எங்கள் அதிகாரி. தேதி மட்டும்தான் பாக்கி.

இது என்னடா கூத்து என்று கேட்பீர்கள். சொல்கிறேன். அதற்கு முன்னால் என் கண்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

குழாய் மல்லிகா

எங்கள் வீட்டில் எனக்குக் 'குழாய்' என்று பெயர். தெருக்குழாயிலாவது காலையும் மாலையும்தான் தண்ணீர் வரும், இவளுக்கு நாள் முழுக்க வரும் என்பான் என் அண்ணன்.

பக்கத்து வீட்டுப் பெண் கல்யாணமாகிப் போனால் அழுவேன். அவள் தலைதீபாவளிக்கு வந்தாலும் அழுவேன். ஒருமுறை திருப்பத்தூர் பஸ் ஸ்டாண்டில் யாரோ யாரையோ வழியனுப்பிக்கொண்டிருந்தார்கள். நான் தேம்புவதைப் பார்த்துவிட்டு, பஸ்ஸுக்குள் இருந்த பெரியவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "நீ யாரும்மா? எந்தப் பக்கத்துச் சொந்தம்?" என்று விசாரித்தார். அவமானத்தில் அதற்கும் அழுதேன்.

போன வாரம் இந்தத் தொடரில் வந்த தையல் மெஷின் கதையைப் படித்த ஒரு வாசகி, 'இவ்வளவு வாய்த்துடுக்கா உங்களுக்கு!' என்று எழுதியிருந்தார். ஆமாம் தாயே, வாய்த்துடுக்கும் உண்டு, கண்ணீரும் உண்டு. இரண்டுக்கும் தனித்தனி தொட்டி.

இப்படிப்பட்டவளுக்கு எப்படி மைக் பிடிக்கும் வேலை கிடைத்தது? குரலால்தான். என் குரல் கணீரென்று இருக்கும். திருப்பத்தூரில் ஊர் ஊராகப் போய்ப் படம் காட்டும் அலுவலகம் ஒன்று இருந்தது. மலேரியா, உரம், குடும்பக் கட்டுப்பாடு, மாட்டு வியாதி என்று ஏகப்பட்ட படங்கள். பாதிப் படங்கள் தமிழ் பேசாது. சத்தத்தை அடக்கிவிட்டு, விவரணையாளர் ஒருவர் மைக்கில் தமிழில் கதை சொல்ல வேண்டும். அந்த விவரணையாளர் நான். தற்காலிகம்.

அப்போது அப்பா இல்லை. அம்மாவும் நானும் அண்ணன் நிழலில் இருந்தோம். அண்ணன் எனக்கு ஒரு மாப்பிள்ளை பார்த்து வைத்திருந்தான். மாப்பிள்ளை நல்லவர்தான். என்ன, பெண் பார்க்க வந்த அன்று என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "அழுவியாமே?" எனக்கு வந்த கோபத்துக்கு அந்தக் காபியை... வேண்டாம், விடுங்கள். "வேலை நெரந்தரம் ஆச்சுன்னா உன் இஷ்டம். ஆகலன்னா நான் சொல்றத கேட்டுக்கினு கழுத்த நீட்டணும்" என்று அண்ணன் கறாராகச் சொல்லிவிட்டான்.

ஆக, அந்த மைக் எனக்கு வெறும் மைக் இல்லை.

கண்ணமங்கலத்து மாடு

எங்கள் அதிகாரி சபாபதி சார் நல்ல மனிதர். ஆனால் அவருக்கு ஒரு கொள்கை உண்டு. மனிதன் எந்நேரமும் சிரித்த முகத்தோடு இருக்க வேண்டும். மேஜைக்கு மேலே 'இன்முகத்துடன் பணிபுரிக' என்று எழுதி மாட்டியிருந்தார். அவரும் சிரித்துக்கொண்டேதான் இருப்பார். கோபம் வந்தால் சிரிப்பு இன்னும் அகலமாகும். எங்களுக்குக் குலை நடுங்கும்.

அவர் எனக்கு முதல் மெமோ கொடுத்தது கண்ணமங்கலம் பக்கத்து ஊர் ஒன்றில் நடந்த கூத்துக்காக. கோமாரி நோய்ப் படம். கறுப்பு வெள்ளை. ஒரு பசு வாயில் நுரை தள்ளி, கால் மடங்கி, தொப்பென்று விழும். நான் படிக்க வேண்டிய வரி: 'இந்நோய் கண்ட கால்நடைகள் நிற்க இயலாமல் விழும்.' நான் மைக்கில் சொன்னது: "ஐயோ! விழுந்துடுச்சே! யாராவது பாருங்களேன்!"

அப்புறம் ஓவென்று அழுதேன். ஸ்பீக்கர் வழியாக என் அழுகை ஊரெல்லாம் கேட்டது. படம் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் துண்டை உதறிக்கொண்டு எழுந்து, அவரவர் மாட்டைப் பார்க்க வீட்டுக்கு ஓடினார்கள். ஐந்தே நிமிடத்தில் திடல் காலி. அன்றைக்கென்று எங்களை மேற்பார்வை பார்க்க வந்திருந்த மேலதிகாரி மட்டும் நட்டநடுவில் நாற்காலியில் தனியாக உட்கார்ந்திருந்தார், கழுத்தில் மாலையோடு.

'விவரணையாளர் பணி நேரத்தில் அழுதார்' என்று மெமோ வந்தது. சபாபதி சார் அதைச் சிரித்துக்கொண்டே நீட்டி, "இன்னொரு தடவை மைக்கில் அழுதா, அத்தோட சரி" என்றார்.

நாலு பிராணிகள்

அந்தச் சமயத்தில்தான் ஏதோ ஒரு நாடு அன்பளிப்பாகக் கொடுத்த பொம்மைப் படம் ஒன்று எங்களுக்கு வந்தது. பெயர் வாயில் நுழையவில்லை. கையால் வரைந்து ஓடவிட்ட வண்ணப் படம். குழந்தை குட்டியோடு குடும்பமாகப் பார்க்கலாம். மூன்று ரீல். கூடவே கதைச் சுருக்கம் ஒரு தாளில் இருந்தது. அந்த எழுத்து எங்கள் யாருக்கும் தெரியாது. சபாபதி சார் தாளைத் தலைகீழாகவும் பிடித்துப் பார்த்தார்.

சரி, படத்தையே பார்த்துப் புரிந்துகொள்வோம் என்று அலுவலகத்தில் ஓட்டினோம். உருண்டைத் தலையும் இரட்டைப் பின்னலுமாக ஒரு பெண் குழந்தை. அவள் வீட்டில் நாலு பிராணிகள். கோபக்கார நாய் ஒன்று. எதற்கெடுத்தாலும் நடுங்கும் முயல் ஒன்று. எப்போதும் கண்ணீர் வடிக்கும் நீலப் பசு. எப்போதும் சிரிக்கும் குரங்கு. நாலும் அவள் மனசுதான் என்பது எங்களுக்கே புரிந்தது. முதல் ரீலில் நாலும் சண்டை போட்டு வீட்டை இரண்டாக்குகின்றன. இரண்டாம் ரீலில் அந்தப் பெண் நாயையும் முயலையும் பசுவையும் ஒவ்வொன்றாக வெளியே துரத்திவிட்டு, குரங்கை மட்டும் வைத்துக்கொண்டு சிரிக்கிறாள். சிரித்துக்கொண்டே இருக்கிறாள்.

மூன்றாம் ரீலைப் போடும்போது புரொஜெக்டர் பல்பு போய்விட்டது. புது பல்பு வர ஒரு வாரம் ஆகும்.

"பரவாயில்லை, கருத்து தெரிஞ்சுபோச்சு" என்றார் சபாபதி சார். உற்சாகத்தில் கையைத் தேய்த்துக்கொண்டார். "கோபம், பயம், அழுகை மூணையும் விரட்டு. சிரிப்பை மட்டும் வெச்சுக்கோ. அபாரமான படம்! நான் பத்து வருஷமா சொல்றதை எவனோ படமா எடுத்திருக்கான்யா!"

அப்படியே விவரணையும் எழுதித் தந்துவிட்டார். எனக்கு என்னவோ சரியாகப் படவில்லை. அந்தப் பெண் கடைசியில் சிரித்த சிரிப்பில் சந்தோஷமே இல்லை. பசு திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போன இடத்தில் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். ஆனால் தற்காலிக விவரணையாளருக்குக் கருத்தெல்லாம் இருக்கக் கூடாதே!

அழுது முடிக்கட்டும்

புது பல்பு வந்த கையோடு, இந்தப் படத்தை மலையில் காட்டத்தான் நெல்லிவாசல்நாடு போனோம். சபாபதி சார், நான், ஆபரேட்டர் காதர் பாய். காதர் பாய் வாணியம்பாடிக்காரர். ஜீப்பையும் அவரே ஓட்டுவார், படத்தையும் அவரே ஓட்டுவார். இரண்டையும் ஒரே வேகத்தில் ஓட்டுவார் என்பதுதான் கஷ்டம்.

மலைப்பாதையில் ஒவ்வொரு வளைவிலும் சபாபதி சாரின் சிரிப்பு அகலமாகிக்கொண்டே போனது. கண்ணை இறுக்கி மூடியிருந்தார். கை ஜீப்பின் கம்பியை விடவில்லை. "சார், பயமா கீதா? மெதுவா போவட்டுமா?" என்று கேட்டார் பாய்.

"எனக்கென்ன பயம்? காத்து நல்லா இருக்கு" என்றார் சார், கண்ணைத் திறக்காமல்.

பொழுது சாய்வதற்குள் இறங்கிவிட வேண்டும் என்று சார் கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால்தான் பட்டப்பகலில் கம்பளி கட்டிப் படம் போட வேண்டி வந்தது. காரணம் எங்களுக்குத் தெரியும். கேட்கவில்லை.

ஜீப் போகாத கடைசி இரண்டு மைல் நடை. ஜெனரேட்டரை மூங்கிலில் கட்டி நாலு பேர் தூக்கிவந்தார்கள். ஊர் முகப்பில் ஒரு பெண் வழியோரமாகக் கால் நீட்டி உட்கார்ந்து, வாய்விட்டு அழுதுகொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு சொம்புத் தண்ணீர். போகிறவர்கள் வருகிறவர்கள் யாரும் அவளை ஒன்றும் கேட்கவில்லை.

சபாபதி சாருக்குப் பொறுக்குமா? "அழாதேம்மா! சிரிச்ச முகமா இரும்மா!" என்று கிட்டே போனார். எங்களை அழைத்துப்போக வந்த ஊர்த் தலைவர், ஊர்க்கவுண்டர் வேடியப்பன் சட்டென்று குறுக்கே வந்து நின்றுவிட்டார்.

"குறுக்க பேசாதீங்க சார். அழுது முடிக்கட்டும்."

"ஏன்யா, பாவம், அழுதுட்டு இருக்காளே?"

"அதான் சார். அழுவும்போது குறுக்க பேசனா அது பாதியில நின்னுபூடும். நின்னது உள்ளயே தங்கிபூடும். எங்க ஊர்ல அப்டி பண்ண மாட்டோம். தண்ணி வெச்சிட்டு ஒக்காந்துடுவோம். முடிச்சிட்டு அவங்களா சொன்னா கேட்டுக்குவோம்."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

ஊர்க்கவுண்டர் அவளைப் பார்த்து ஒரு கணக்குப் போட்டார். "குப்பம்மா சீக்கிரம் முடிச்சிடும் சார். நீங்க படத்துக்கு ரெடி பண்றதுக்குள்ள வந்துடும்."

அப்படியே ஆயிற்று. நாங்கள் துணி கட்டி முடிப்பதற்குள் குப்பம்மா மூக்கைச் சிந்தி, முகம் கழுவி, முன்வரிசையில் வந்து உட்கார்ந்துவிட்டாள். ஆடு ஒன்று காணாமல் போயிருந்ததாம். அதை இப்போது சாதாரணமாகச் சொன்னாள். எனக்கு அந்த ஊரின்மேல் பொறாமையாக இருந்தது.

குரங்கு வளர்க்கும் பெண்

படம் ஆரம்பிக்கும் முன் காதர் பாய் மூட்டையிலிருந்து ஒரு துண்டுப் புளியை எடுத்து என்னிடம் தந்தார். "தங்கச்சி, இத்த கன்னத்துல அடக்கிக்க. அழுகை வந்தா ஒரு கடி கடி. புளிப்புல கண்ணீரு ஓடிபூடும். என் அம்மிஜான் சொன்னது."

நம்பினேன். இப்போது சொல்கிறேன், நம்பாதீர்கள். புளிப்பில் வாயிலும் ஊறும், கண்ணிலும் ஊறும்.

முதல் ரீல் ஒழுங்காகப் போனது. நாய் குரைத்தால் சனம் சிரித்தது. முயல் கட்டிலடியில் பதுங்கினால் பெண்கள் "ச்சோ" கொட்டினார்கள். இரண்டாம் ரீலில்தான் வம்பு ஆரம்பித்தது. சபாபதி சார் எழுதித் தந்ததை நான் படித்தேன்: "அன்பார்ந்த மக்களே! இதோ, இந்தப் புத்திசாலிப் பெண் கோபத்தை வீட்டைவிட்டு விரட்டுகிறாள்!"

நாய் வாலைக் கவட்டையில் சொருகிக்கொண்டு போனது. குடோனில் ஒரு முணுமுணுப்பு.

"இன்னாத்துக்கு நாய தொரத்தறா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். "காட்டுப்பன்னி வந்து சாமைய மேய்ஞ்சா யாரு கொலைக்கறது?"

"அடுத்து, பயத்தை விரட்டுகிறாள்!" என்று படித்தேன்.

"மொசலயுமா? அது காத தூக்கனாத்தானே நரி வர்றது தெரியும்?"

சபாபதி சார் சிரித்துக்கொண்டே என் பக்கம் குனிந்து, "சத்தமாப் படி" என்றார்.

"இப்போது வீட்டில் சிரிப்பு மட்டும்தான் இருக்கப்போகிறது! ஏனென்றால், இதோ..."

நீலப் பசு படியிறங்கியது. ஒவ்வொரு படியிலும் நின்று திரும்பிப் பார்த்தது. பெண் கதவைச் சாத்தினாள். குடோனில் தும்மல்கூட இல்லை. நான் புளியைக் கடித்தேன். மறுபடி கடித்தேன். கொட்டைதான் அகப்பட்டது.

"பசுவ தொரத்திட்டு," என்றாள் குப்பம்மா, நிதானமாக, எல்லோருக்கும் கேட்கும்படி, "கொரங்க வூட்ல வெச்சிக்கினு சிரிக்கறா. இன்னா பொண்ணு இவ?"

புளி மரத்தையும் பலா மரத்தையும் குரங்கிடமிருந்து காப்பாற்றுவதிலேயே ஆயுளைக் கழிப்பவர்கள் அவர்கள். அவர்களிடம் போய்க் குரங்கு வளர்க்கச் சொன்னால்?

ஆண்கள் இரண்டு பேர் எழுந்துவிட்டார்கள். "சார், அந்தப் பிராணிங்க திரும்பி வருமா வராதா? அத்த சொல்லுங்க மொதல்ல" என்றார் ஊர்க்கவுண்டர்.

சபாபதி சாருக்குத் தெரியாதே! "பாய், அடுத்த ரீலைப் போடுங்க" என்றார். சிரிப்பு காது வரைக்கும் போயிருந்தது.

மூன்றாவது டப்பா

காதர் பாய் மூன்றாவது டப்பாவைத் திறந்து மாட்டினார். துணியில் வெளிச்சம் விழுந்தது.

கறுப்பு வெள்ளையில் ஒரு வயல். ஒரு மாட்டுக் கொட்டகை. ஒரு பசு.

பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. கண்ணமங்கலத்து மாடு! பாய் டப்பா மாற்றி எடுத்துவந்திருக்கிறார். இரண்டும் ஒரே தகர டப்பா, ஒரே துரு. பாய் "யா அல்லா" என்று நெற்றியில் அடித்துக்கொண்டது ஜெனரேட்டர் சத்தத்தையும் மீறிக் கேட்டது. சபாபதி சார் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். நிறுத்தச் சொல்லி அவர் கையைத் தூக்கும்போதுதான் அந்தக் குரல் வந்தது.

"ஐயோ! பசுவுக்குச் சாயமே போய்டுச்சே!"

குப்பம்மாதான். ஊரே ஒரு மூச்சை உள்ளே இழுத்தது.

"அழுது அழுது வெளுத்துபூட்ச்சி."

"வெளிய தொரத்தனா பின்ன? மழையிலயும் வெயில்லயும் நின்னுதுல்ல?"

"தோ பாரு, அந்தப் பொண்ணுகூட பெரிய பொம்பளயா ஆய்ட்டா." படத்தில் தலையில் முக்காடு போட்ட ஒரு விவசாயப் பெண் கொட்டகைக்கு வெளியே நின்றிருந்தாள். அவளுக்கும் இரட்டைப் பின்னலுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? எழுந்த ஆண்கள் உட்கார்ந்துவிட்டார்கள்.

சபாபதி சாரின் கை பாதியில் நின்றது. நான் மைக்கை வாய்க்குக் கொண்டுபோனேன். எழுதித் தந்த தாளைக் கீழே போட்டேன்.

"ஆமாங்க," என்றேன். "ரொம்ப வருஷம் ஆயிடுச்சு. துரத்தி விட்ட பசு ஊர் ஊரா அலைஞ்சு, நிறம் போய், இதோ ஒரு கொட்டகையில வந்து நிக்குது. அதுக்கு உடம்பு சரியில்ல. அந்தப் பொண்ணு இப்பதான் அதைப் பார்க்கறா..."

பசுவின் வாயில் நுரை. முன்னங்கால் மடங்கியது. எனக்குத் தெரியும், அடுத்து என்ன என்று. பத்துத் தடவை பார்த்த படம். தெரிந்தால் மட்டும்? பசு தொப்பென்று விழுந்தது.

அழுதேன்.

சும்மா கண் கலங்கியதல்ல. மைக்கை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, குலுங்கிக் குலுங்கி அழுதேன். பசுவுக்காக ஆரம்பித்தது. அப்புறம் அப்பாவுக்காக. "அழுவியாமே" என்று கேட்ட மாப்பிள்ளைக்காக. இதோ போகப்போகிற வேலைக்காக. அந்தத் துண்டுப் புளிக்காகக்கூட அழுதிருப்பேன். ஸ்பீக்கர் எதையும் விடாமல் மலைக்கே சொன்னது.

சபாபதி சார் பாய்ந்து மைக் ஒயரைப் பிடுங்கப் போனார். அவர் மணிக்கட்டை ஒரு கை பிடித்தது. ஊர்க்கவுண்டர் வேடியப்பன்.

"குறுக்க போவாதீங்க சார். அந்தம்மா அழுது முடிக்கட்டும்."

"படம் ஓடிட்டிருக்குய்யா!"

"ஓடட்டும். அதுவும் முடிக்கட்டும்."

படம் ஓடியது. கால்நடை டாக்டர் வந்தார். ஊசி போட்டார். பசு எழுந்து நின்றது. அந்தப் பெண் அதன் கழுத்தைத் தடவி வீட்டுப் பக்கமாக ஓட்டிக்கொண்டு போனாள். விவரணை இல்லை, என் விம்மல் மட்டும். யாருக்கும் விவரணை தேவைப்படவும் இல்லை. படம் பிடித்த ஊரின் தெருநாய் ஒன்று குறுக்கே ஓடியபோது மட்டும், "தோ, நாயும் வந்துடுச்சி!" என்று குடோனே கை தட்டியது.

குரங்கைத் தேட வேண்டாம்

படம் முடிந்து கம்பளிகளை விலக்கினார்கள். வெளிச்சம் வந்தது. நான் இன்னும் முடிக்கவில்லை.

ஊரே உட்கார்ந்து காத்திருந்தது. ஒருவர் எழவில்லை, ஒருவர் சிரிக்கவில்லை, ஒருவர் "அழாதேம்மா" என்று சொல்லவில்லை. குப்பம்மா சொம்புத் தண்ணீரைக் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தாள். இருபத்து மூன்று வருஷமாக அழுகிறேன், ஒருநாளும் கடைசி வரை அழுததில்லை. எப்போதும் யாராவது பாதியில் அதட்டி நிறுத்திவிடுவார்கள். அன்றைக்குத்தான் கிணற்றுக்குப் போல அழுகைக்கும் ஒரு அடி இருக்கிறது என்று கண்டேன். கால் தரையில் பட்டது. நின்றுவிட்டது.

தண்ணீர் குடித்தேன்.

"முடிஞ்சிதாம்மா?" என்றார் ஊர்க்கவுண்டர்.

"முடிஞ்சிடுச்சுங்க."

"அப்ப ஒரு சந்தேகம். பசு வந்துடுச்சி. நாயி வந்துடுச்சி. மொசல் எங்க?"

குப்பம்மாதான் காப்பாற்றினாள். "அது எங்க போவும்? வூட்டுக்குள்ளதான் எங்கியாவது பூந்துகினு இருக்கும். பயந்தது வாசல்லயா வந்து நிக்கும்?"

ஊர் ஒப்புக்கொண்டது. "கொரங்கு?" என்றது ஒரு குரல்.

"அத்த இன்னாத்துக்குத் தேடற?" என்றாள் குப்பம்மா. "அது கூப்புடாமயே வரும்."

நான் பக்கென்று சிரித்துவிட்டேன். மைக் இன்னும் அணையவில்லை. அந்தச் சிரிப்பும் மலை பூராவும் கேட்டது.

சான்றிதழ்

படம் காட்டியதற்கு ஊர்க்காரரிடம் ஒரு சான்றிதழ் வாங்கியாக வேண்டும் என்பது அலுவலக விதி. சபாபதி சார் தாளையும் பேனாவையும் எடுத்தார். "சொல்லுங்க, எழுதறேன். 'படம் நன்றாக இருந்தது', சரிதானே?"

"ஆமா சார். 'கதை சொன்ன அம்மா ரொம்ப நல்லா அழுதாங்க.' அத்தயும் எழுதுங்க."

பேனா நின்றது. "'நல்லா சொன்னாங்க'ன்னு போடலாமே?"

"அழுதாங்கன்னே போடுங்க சார். கண்ணால பாத்ததத்தானே சொல்லணும்? அடுத்த தபாவும் இந்தம்மாவயே அனுப்பணும். அந்த ஊசி எங்க ஊரு மாட்டுங்களுக்கும் போடணும். அப்பறம்..." ஊர்க்கவுண்டர் யோசித்தார். "பசுவுக்கு நெறம் திரும்பி வந்துச்சான்னு ஒரு கடுதாசி போடச் சொல்லுங்க."

எல்லாவற்றையும் எழுதி, கீழே ஊர்க்கவுண்டரின் கட்டைவிரல் ரேகையையும் வாங்கிக்கொண்டார் சார். சட்டைப் பையில் மெமோவும் சான்றிதழும் ஒன்றாகப் போய் உட்கார்ந்தன.

இறக்கத்தில் ஜீப் திரும்பிக்கொண்டிருந்தது. மூன்றாவது வளைவில் சார் கண்ணை மூடிக்கொண்டு சிரித்தார். நாலாவது வளைவில் சிரிப்பு இல்லை. திடீரென்று, "பாய், வண்டியை நிறுத்துங்க" என்றார். "எனக்குப் பயமா இருக்கு."

பாய் ஓரம் கட்டினார். என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். நாங்கள் இருவரும் ஒன்றும் சொல்லவில்லை. பயப்படாதீங்க சார் என்றுகூடச் சொல்லவில்லை. தண்ணீர்ப் பாட்டிலை மட்டும் அவர் பக்கத்தில் வைத்தேன். சபாபதி சார் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்து, பள்ளத்தைப் பார்த்து, கை கால் உதற உதறப் பயந்தார். நல்ல வெயில் இருந்தது. கால் மணி நேரம் ஆகியிருக்கும்.

அப்புறம் எழுந்து வேட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டினார்.

"பயந்து முடிச்சிட்டேன். வண்டியை எடுங்க."

இரண்டாவது மெமோ எனக்கு வரவே இல்லை. இல்லை, ஒரு விதத்தில் வந்தது. அடுத்த மாதம் எந்தெந்த ஊருக்கு யார் யார் போவது என்று எழுதிய பட்டியலை பியூன் கொண்டுவந்து கொடுத்தார். திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் டைப் அடித்திருந்தது: 'விவரணையாளர் இரண்டாம் முறையாக...' தேதி போடாத இடம் அப்படியே வெற்றாக இருந்தது. பட்டியலில் முதல் பெயர் என் பெயர். அண்ணனிடம் நீட்டினேன், முன்பக்கத்தை மட்டும்.

வேலை நிரந்தரமாக இன்னும் ஒரு வருஷம் ஆயிற்று. அது வேறு கதை.

அசல் மூன்றாவது ரீலை மலையிலிருந்து திரும்பியதும் அலுவலகத்தில் போட்டுப் பார்த்தோம். நாய், முயல், பசு மூன்றும் திரும்பி வந்து, குரங்கோடும் பெண்ணோடும் கைகோத்து வட்டமாக ஆடின. அவ்வளவுதான். வண்ணமெல்லாம் ஜோராக இருந்தது. பசு போன நீலத்திலேயே திரும்பி வந்தது, ஒரு பொட்டு வெளுக்கவில்லை. எனக்கு ஏனோ சப்பென்று இருந்தது.

விளக்கைப் போட்டார்கள். சபாபதி சார் கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். என் முகத்தை உற்றுப் பார்த்தவருக்குக் கவலை வந்துவிட்டது.

"ஏம்மா, உடம்பு கிடம்பு சரியில்லையா? அழவே இல்லையே?"